கம்ப்யூட்டர் சாட்சியும் கண்மூடி நம்பிக்கையும்

"கம்ப்யூட்டரில் இருந்தது, நிபுணர் பார்த்துச் சொல்லிவிட்டார், இனி என்ன கேள்வி?" என்று படித்தவர்கள்கூடப் பேசுகிறார்கள். "சாஸ்திரத்தில் இருக்கிறது, ரிஷி சொல்லிவிட்டார்" என்பதற்கும் இதற்கும் என்ன பேதம் என்று நாம் கேட்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் தொட்டாலே அது மாறுகிறது. ஒரு பைலைத் திறந்தால் அதன் நேரக் குறிப்பு மாறக்கூடும். புதிதாக ஒரு புரோகிராமை ஏற்றினாலோ, அழிக்கப்பட்டும் முற்றும் மறையாமல் கிடக்கும் பழைய பைல்களின் மேல் அது போய் உட்கார்ந்துவிடக்கூடும். அணைத்து விடலாமே என்பீர்கள். அணைத்தால், அச்சமயம் எந்தப் புரோகிராம் ஓடிற்று, யந்திரம் எதனோடு தொடர்பிலிருந்தது என்று காட்டும் தற்காலிக நினைவகச் சங்கதிகள் போய்விடும்.

இது வெறும் யூகமல்ல. அமெரிக்காவில் கொலராடோவில் கேட்ஸ் ரப்பர் கம்பெனிக்கும் பாண்டோ கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 1996-ல் கோர்ட்டார் கண்டதென்ன? அழிந்த பைல்களை மீட்க வந்தவர் மீட்கும் புரோகிராமை அந்த யந்திரத்திலேயே ஏற்றினார். அதனால் 7 முதல் 8 சதவிகிதச் சங்கதிகள் பாழாயின என்பதேயாகும். துப்புத் துலக்க வந்தவரே தடயத்தை மிதித்தார்!

ஆகவே, தொடுவதை இயன்றமட்டும் குறைக்க வேண்டும். கருவிகளை வெளி டிரைவிலிருந்து ஓட்டி, எடுத்ததை வெளி டிரைவிலேயே சேர்க்க வேண்டும். சீக்கிரம் மறையும் நினைவகத்தை முதலிலும் டிஸ்க்கைப் பிறகும் நகலெடுக்க வேண்டும். அப்போதும் அக்கருவி நினைவகத்தில் சிறிது இடம் பிடிக்கத்தான் செய்யும். எனவே எந்த நிமிஷத்தில் எதைச் செய்தோம், எது மாறியிருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நிற்க, வடமொழிப் பெயரோடு வந்து 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் நமது சாட்சியச் சட்டம், 63-வது பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் எண் கேட்கிறது. நகலில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிக் காட்டிக்கொடுக்கும், நல்லதுதான். ஆனால், எண் கணக்கிட்ட பிறகு நடந்ததற்கே அது சாட்சி. அதற்குமுன் நிபுணர் கை பட்டதற்குக் குறிப்பேடன்றி வேறு சாட்சி ஏது?

அக்குறிப்பேட்டைக் குற்றஞ்சாட்டப்பட்டவனிடம் கொடுத்து, அவன் தரப்பு நிபுணரும் சோதிக்க இடங்கொடுப்பதே அறிவுக்கும் நியாயத்துக்கும் ஒத்ததாகும். "நான் சொல்கிறேன், நம்பு" என்பது விஞ்ஞானமல்ல, புரோகிதமே. அதைக் கொண்டு ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்ப எவருக்கும் உரிமையில்லை என்று வற்புறுத்துகிறோம்.