“சொந்த ஊர் எது?”

வெள்ளவத்தையில் வீடு தேடிச் செல்பவரிடம், வாடகைத் தொகையைச் சொல்லுமுன் கேட்கப்படும் வினா ஒன்றுண்டு: “சொந்த ஊர் எது?” யாழ்ப்பாணத்தவர் தம் கிராமத்தின் பெயரைத் தயக்கமின்றிக் கூறுவர். அட்டனிலோ பதுளையிலோ பிறந்தவர் சற்றே தாமதித்து, “கொழும்புதான், கொட்டாஞ்சேனை” என்பர். பிறந்த மண்ணை மறைக்கிறார் என நம்மவர் அவரைப் பழிப்பதுண்டு. அப்பழி பொருந்தாது. விடை பிழையெனின், அப்பிழையை விளைவித்தது வினாவே.

மனிதர் தம் இனத்துக்கு இடும் பெயர் குருதியில் ஊறி வருவதன்று. கேட்பவர் யார், சொல்வதால் விளைவது நன்மையா தீமையா என்பவற்றைப் பொறுத்தே அது அமைகின்றது. இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் வெவ்வேறு பிரிவினராக முதன்முதலிற் கணக்கிட்டது 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு. ஏட்டில் எழுந்த அப்பெயர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தோடு தண்டனையாயிற்று. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பொருள்களைப்போல் அவர்களைப் பங்கிட்டது. “இந்தியர்” என்பது நாட்டையே இழக்கச் செய்யும் சொல்லான பின், அதனை ஒருவர் ஏன் விரும்பிச் சுமத்தல் வேண்டும்?

1971இல் மொத்தக் குடித்தொகையில் 9.3 வீதமாயிருந்த இந்தியத் தமிழர், 1981இல் 5.5 வீதமாயினர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் தொகையே இதற்கு முதற்காரணம்; எனினும், தம்மை இலங்கைத் தமிழரெனப் பதிந்துகொண்டோரும் உளர். அதனைப் பொய் என்போர், தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்து மடிந்தோர் இலங்கையரல்லர் என நிறுவக் கடமைப்பட்டவராவர். அதேவேளை, “மலையகத் தமிழர்” என்னும் பெயரை அம்மக்கள் தாமே உரிமையோடு ஏற்றனர். பெருமை தரும் பெயரை எவரும் மறைப்பதில்லை.

இது சந்தர்ப்பவாதம் அன்றோ எனச் சிலர் வினவுவர். அவர்கள் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் “யாழ்ப்பாணம்” என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு “கொழும்பு” என்றோர் நம்முள் இல்லையா? 2007 யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலுக்குத் தடை விதித்தது. ஊரைக் கேட்கும் வினா எத்துணைக் கூரியது என்பதை அன்று நாம் அறிந்தோம். நம் அச்சத்தில் நியாயம் காணும் நமக்கு, அவர் தயக்கத்தின் நியாயம் மட்டும் விளங்காதா?

மேடையில் தமிழர் யாவரும் ஒன்று என முழங்குகின்றோம். வீட்டு வாசலிலும் திருமணப் பேச்சிலும் பிரித்து நிறுக்கின்றோம். பிறரிடம் நேர்மையை எதிர்பார்க்குமுன், உண்மை சொன்னவருக்கும் நம் கதவு திறக்கும் என்பதை நாம் மெய்ப்பிக்க வேண்டும். அதுவரை அவ்வினாவைக் கேட்கும் தகுதி நமக்கில்லை.