மலைக் குளிரில் மல்லாரி

பழனியிலிருந்து ஏறும் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் பெருமாள்மலையில் சேர்கின்றன. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கோ, பூம்பாறைக் குழந்தை வேலப்பர் தேருக்கோ வாசிக்கப் போகும் மேளக்காரர்கள் சால்வையைத் தேடத் தொடங்கும் இடம் இது. உறைக்குள் இருக்கும் நாதஸ்வரத்தைப் பற்றியும் இங்கேயே யோசித்தாக வேண்டும்.

சுவாமி புறப்பாட்டுக்கு முதலில் ஒலிப்பது மல்லாரி. சாகித்தியம் கிடையாது, கம்பீர நாட்டையும் தவிலும்தான் அதன் பலம். தீர்த்தம், தளிகை, தேர் என்று சடங்குக்குத் தக்கபடி வகைகள் உண்டு. ராகத்தில் ரிஷபமும் தைவதமும் இல்லாததால் ஷட்ஜமும் பஞ்சமமும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். சுருதி சற்று நழுவினாலும் மறைக்க இடமில்லை. காகலி நிஷாதத்திலிருந்து மேல் ஷட்ஜத்தைத் தொடும் இடத்தில் பாமரர் காதுக்கும் அது தெரிந்துவிடும்.

மலைக்காற்று லேசானது, அதனால்தான் சுருதி மாறுகிறது என்று பலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. உயரம் மூச்சைத்தான் வாங்கும். சுருதியை இறக்குவது குளிர். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் குழலின் ஸ்வரம் ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். அரைக்கட்டை என்பது 100 சென்ட். அடிவாரத்தில் 30 டிகிரியில் சேர்த்த சுருதி, மலையில் 10 டிகிரி விடியற்காலையில் கணக்குப்படி 60 சென்ட், அதாவது கால் கட்டைக்கும் மேல் இறங்க வேண்டும். வாசிப்பவரின் மூச்சுச் சூடு குழலுக்குள் இருப்பதால் உண்மையில் அவ்வளவு இறங்காது. ஆனாலும் காது கூசும் அளவுக்கு இறங்கும்.

சுருதிக்கு ஒத்து என்ற குழலை ஊதிய நாட்களில் இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. ஒத்தும் நாதஸ்வரம் போலவே சீவாளி என்ற ஊதுநாக்கு வைத்து ஊதும் மரக்குழல்தான். நாதஸ்வரம் குளிர்ந்து இறங்கினால் ஒத்தும் கூடவே இறங்கும். இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். மின்சாரச் சுருதிப்பெட்டிக்குக் குளிர் தெரியாது, வைத்த இடத்திலேயே நிற்கும். அதை எட்டிப்பிடிக்க வித்வான் சீவாளியை உதட்டால் இறுக்கி, அழுத்தி ஊதுகிறார். மல்லாரியை மெதுவாக வாசிக்கும் முதல் காலத்தில் சமாளித்துவிடலாம். வேகமான மூன்றாம் காலம் வருவதற்குள் உதடு சோர்ந்து, நாதம் கீச்சிடத் தொடங்கும். பழி மட்டும் சாதகத்தின் மேல் விழும்!

மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. சைக்கோவ்ஸ்கி 1888இல் எழுதிய 5ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில், தந்திக் கருவிகளின் தாழ்ந்த ஒலிக்குப் பின் பிரெஞ்சு ஹார்ன் தனியாக எழும் இடம் உலகப் புகழ் பெற்றது. தன் முறை வருமுன் ஓசையில்லாமல் குழாய்க்குள் மூச்சை ஊதிச் சூடாக்கிக்கொள்வது ஹார்ன் கலைஞர்களின் வழக்கம். சுருதியைத் திருத்த அவர்களுக்கு இழுத்துத் தள்ளும் குழாயும் இருக்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளியைச் செருகும் கெண்டையையோ சீவாளியையோ மாற்றலாம், அடித்துளைகளின் மெழுகைக் கூட்டலாம், குறைக்கலாம். புறப்பாடு கிளம்பிய பிறகு அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஆகவே மலைக் கச்சேரிக்கான தயாரிப்பு அறையில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பதோடு முடியக்கூடாது. சுவாமி புறப்படும் அதே நேரத்தில், வெளிப்பிராகாரத்தில், தவிலோடு நடந்தபடி மூன்று காலமும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கொத்திலுள்ள எந்தச் சீவாளி அந்தக் குளிரில் பேசுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பெட்டிதான் துணை என்றால், வாத்தியம் சூடேறும்வரை வெளியே ஊதிவிட்டு, அதற்குப் பிறகு பெட்டியை வாத்தியத்துக்குச் சேர்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கூடவே இறங்கும் ஒத்து இருந்தால் இந்தப் பாடு குறையும்; ஆனால் செலவைக் குறைக்க முதலில் கழற்றிவிடப்படுபவர் ஒத்துக்காரர். மலைக்கோயில் நிர்வாகங்களும் மேளத் தலைவர்களும் அடுத்த திருவிழாவுக்குப் பேசும்போது அவருக்கும் ஒரு சம்பளம் சேர்த்துப் பேச வேண்டும்.