பார்த்தால் போதுமா? இறங்கித் தூக்க வேண்டாமா?

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி. பசிபிக் மகா சமுத்திரம்.

நடுக்கடலில் தலைகள் தெரிந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல; நூற்றுக்கணக்கான தலைகள்!

அவர்கள் எல்லோரும் அமெரிக்க மாலுமிகள். "இண்டியானாபோலிஸ்" என்ற போர்க்கப்பலில் வந்தவர்கள். ஜூலை 30-ந் தேதி, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அந்தக் கப்பலைத் தாக்கியது. பன்னிரண்டே நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். சுமார் 300 பேர் கப்பலோடு போய்விட்டார்கள். மற்றவர்கள் கடலில் குதித்தார்கள்.

கப்பல் வரவில்லையே என்று கரையில் யாரும் தேடவில்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. மூன்று நாளும் போய்விட்டது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. தாகம் தாங்காமல் கடல் நீரைக் குடித்தவர்கள் புத்தி மாறிச் செத்தார்கள். சுறா மீன்கள் வேறு வட்டமிட்டன.

நான்காம் நாள் காலை ஒரு விமானம் அந்தப் பக்கம் வந்தது. அதை ஓட்டியவர் வில்பர் குவின். கடலில் எண்ணெய் படர்ந்திருப்பதைக் கண்டு அவர் விமானத்தைத் தாழ்வாக இறக்கினார். மனிதர்கள்!

பார்த்துவிட்டார். ஆனால் என்ன செய்வது? அவர் ஓட்டி வந்த "வென்ச்சுரா" விமானம் தரையில் மட்டுமே இறங்கும். மிதவை ஒன்றைப் போட்டார். "கடலில் பலர் தவிக்கிறார்கள்" என்று வயர்லெசில் சொன்னார். மேலே வட்டமிட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

அடுத்து ஒரு விமானம் வந்தது. அதன் பெயர் "கேட்டலினா". ஓட்டியவர் ஏட்ரியன் மார்க்ஸ். அது தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும்.

நடுக்கடலில் இறங்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. அலைகள் 12 அடி உயரம் எழும்பின. கீழே சுறா மீன்கள் மனிதர்களைப் பிடிப்பதை மார்க்ஸ் கண்ணால் கண்டார். கூட இருந்தவர்களைக் கேட்டார். "இறங்கலாம்" என்றார்கள். இறங்கினார்!

விமானம் அலையில் மோதித் துள்ளியது. மீண்டும் மோதியது. ஆணிகள் தெறித்தன, ஓட்டை வழியே தண்ணீர் வந்தது. பென்சிலையும் பஞ்சையும் வைத்து அடைத்தார்கள். பிறகு, தனித்தனியே தவித்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். உள்ளே இடம் நிறைந்தது. இறக்கை மேல் படுக்க வைத்துப் பாராசூட் கயிற்றால் கட்டினார்கள்.

இப்படி ஏற்றிய உயிர்கள் 56!

அத்தனை பேரைச் சுமந்துகொண்டு அந்த விமானம் எழும்ப முடியாது. அடிபட்ட உடம்போடு இரவு முழுவதும் கடலிலேயே மிதந்தது. கப்பல்கள் வந்தன. தப்பியவர்கள் மொத்தம் 316 பேர். கேட்டலினா மட்டும் திரும்பவில்லை. இனிப் பறக்காது என்று அதைக் கடலிலேயே அழித்துவிட்டார்கள்.

ஒரு விமானம் கண்ணாக இருந்தது. இன்னொரு விமானம் கையாக இருந்தது. கண் மட்டும் வந்திருந்தால் அந்த 56 பேரில் எத்தனை பேர் கப்பல் வரும்வரை உயிரோடு இருந்திருப்பார்கள்?

கடலைக் காக்க நினைக்கும் எந்த நாடும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

தவளை விமானம்

தவளை தண்ணீரிலும் வாழும், தரையிலும் வாழும். கேட்டலினாவும் அப்படித்தான். ஆனால் பிறக்கும்போதே அது தவளையாகப் பிறக்கவில்லை, மீனாகத்தான் பிறந்தது.

அமெரிக்கக் கடற்படைக்கு நெடுந்தூரம் போய்க் கடலைக் கண்காணிக்கும் விமானம் தேவைப்பட்டது. "கன்சாலிடேட்டட்" கம்பெனி அதைச் செய்தது. வடிவமைத்தவர் ஐசக் லாடன். 1935-ம் ஆண்டு மார்ச் மாதம் அது முதன்முதலாகப் பறந்தது. அடுத்த ஆண்டே கடற்படையில் சேர்ந்தது. கடற்படை வைத்த பெயர் "பி.பி.ஒய்."

அது ஒரு பறக்கும் படகு. அடிப்பாகம் படகு போலவே இருக்கும். படகின் நடுவே ஒரு கழுத்து. அந்தக் கழுத்தின் மேல் 104 அடி நீளத்துக்கு ஒரே இறக்கை. அதில் இரண்டு என்ஜின்கள். என்ஜின்களை ஏன் அத்தனை உயரத்தில் வைத்தார்கள்? கடல் நீர் தெறித்து அவற்றில் விழாமல் இருக்கத்தான்.

இறக்கையின் இரண்டு நுனியிலும் இரண்டு மிதவைகள். தண்ணீரில் இருக்கும்போது விமானம் ஒரு பக்கம் சாயாமல் அவை தாங்கும். பறக்கும்போது மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே மாறிவிடும்!

அதற்குச் சக்கரம் முளைத்தது 1939-ம் ஆண்டில்தான். அந்த ஆண்டு நவம்பரில், மடக்கி வைக்கும் சக்கரங்களோடு புதிய வகை பறந்தது. அதுமுதல் கடலும் வீடு, கரையும் வீடு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஊரில் கேலி செய்வார்கள். இந்த விமானத்துக்கு அதுவே பெருமை!

"கேட்டலினா" என்ற பெயர் கலிபோர்னியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தீவின் பெயர். பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள், அதுவே நிலைத்தது. மொத்தம் 3,000-க்கும் மேற்பட்ட கேட்டலினாக்கள் செய்யப்பட்டன. இத்தனை எண்ணிக்கையில் வேறு எந்தப் பறக்கும் படகும் செய்யப்படவில்லை.

வேகமா? அது மட்டும் கேட்கக் கூடாது! மணிக்குச் சுமார் 125 மைல்தான் சாதாரண வேகம். அந்தக் காலச் சண்டை விமானங்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பறந்தன. ஆனால் கேட்டலினா மெதுவாகப் போனாலும் நெடுநேரம் போகும். காலையில் கிளம்பினால் பொழுது சாயும்வரை கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆமை முயல் கதை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

கண் செய்த வேலை

1941-ம் ஆண்டு மே மாதம். ஜெர்மனியின் பெரும் போர்க்கப்பல் "பிஸ்மார்க்" பிரிட்டனின் "ஹூட்" கப்பலை மூழ்கடித்துவிட்டு அட்லாண்டிக் கடலில் மறைந்தது. பிரிட்டிஷ் கடற்படை முழுவதும் தேடியது. ஒரு நாளுக்கு மேல் தேடியும் அகப்படவில்லை. 26-ந் தேதி காலை, வட அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கேட்டலினா அதைக் கண்டுபிடித்தது. மறுநாள் பிஸ்மார்க் கடலுக்குள் போய்விட்டது.

1942-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, பசிபிக்கில் மிட்வே தீவை நோக்கி ஜப்பானியக் கப்பல்கள் வருவதை முதலில் பார்த்துச் சொன்னதும் கேட்டலினாதான். அந்தப் போரின் முடிவு யுத்தத்தின் போக்கையே திருப்பியது.

இலங்கையும் இந்த விமானத்தை மறக்க முடியாது. தெற்கே காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கலை என்ற இடம். அங்கே உள்ள ஏரியில் கேட்டலினாக்கள் நின்றன. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி அங்கிருந்து ஒரு கேட்டலினா கிளம்பியது. சக்கரம் இல்லாத பழைய வகை அது. விமானி கனடாக்காரர், பெயர் லியனார்டு பிர்ச்சால். கொக்கலைக்கு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

நாள் முழுவதும் பறந்தார்கள். மாலையில், திரும்பும் நேரத்தில், தெற்கே சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தார்கள். இலங்கையை நோக்கி வந்த ஜப்பானின் பெரும் கப்பல் படை! அதில் விமானந்தாங்கிக் கப்பல்கள் மட்டும் ஐந்து.

பிர்ச்சால் ஓடித் தப்பப் பார்க்கவில்லை. வயர்லெசில் செய்தி போகட்டும் என்று இருந்தார். செய்தி போயிற்று. ஜப்பானிய விமானங்கள் பாய்ந்து வந்து கேட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. அதில் இருந்த 9 பேரில் 3 பேர் இறந்தார்கள். பிர்ச்சாலும் மற்றவர்களும் கைதிகளானார்கள். யுத்தம் முடியும்வரை சிறைதான்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மேல் குண்டுகள் விழுந்தன. சேதம் இல்லாமல் இல்லை. ஆனால் எச்சரிக்கை முன்பே வந்துவிட்டதால், துறைமுகத்தில் நின்ற பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. "இலங்கையைக் காத்தவர்" என்று பிர்ச்சாலுக்குப் பெயர் வந்தது.

ஏன் மறைந்தது?

கண்ணாக இருந்து இத்தனை புகழ் பெற்ற விமானம், கையாக இருந்து பெற்ற நன்றி அதைவிடப் பெரிது. கடலில் விழுந்த விமானிகளைத் தேடித் தூக்குவதே சில கேட்டலினாக்களுக்கு வேலை. அந்த வேலைக்கு "டம்போ" என்று செல்லப்பெயர். சினிமாவில் காதை விரித்துப் பறக்கும் குட்டி யானையின் பெயர் அது. தண்ணீரில் தவித்த விமானிக்கு அந்த யானை தெய்வமாகத் தெரிந்தது!

அப்படிப்பட்ட விமானத்தை உலகம் ஏன் கைவிட்டது?

காரணங்கள் உண்டு. யுத்தத்தின்போது உலகம் எங்கும் விமான ஓடுதளங்கள் போட்டுவிட்டார்கள். தரையில் இறங்கும் விமானங்களே நெடுந்தூரம் பறக்கத் தொடங்கின. படகு போன்ற உடம்பு கனமானது. அதனால் வேகம் குறைவு. உப்பு நீர் பட்டால் உலோகம் அரிக்கும். ஓயாமல் கழுவ வேண்டும், பழுது பார்க்க வேண்டும். செலவு அதிகம். பிறகு ஹெலிகாப்டர் வந்தது.

கேட்டலினாக்கள் வேறு வேலைக்குப் போயின. ஏரியில் தண்ணீர் மொண்டு காட்டுத் தீயை அணைத்தன. பிரேசில் நாட்டின் விமானப்படை 1982-ம் ஆண்டு வரை அவற்றை வைத்திருந்தது. மிஞ்சியவற்றில் பல காட்சிச்சாலைக்குப் போய்விட்டன.

ஹெலிகாப்டர் போதாதா?

"ஹெலிகாப்டர் இருக்கிறது, கப்பல் இருக்கிறது; பிறகு எதற்கு இந்தப் பழைய யானை?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கரைக்குப் பக்கத்தில் ஆபத்து என்றால் ஹெலிகாப்டரை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் ஆபத்து கரைக்குப் பக்கத்திலேயே வரும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? பல நூறு மைல் தள்ளிப் படகு கவிழ்ந்தால் ஹெலிகாப்டருக்கு எண்ணெய் போதாது. கப்பல் போய்ச் சேரும், ஆனால் நேரமாகும். தண்ணீரில் கிடப்பவனுக்கு ஒவ்வொரு மணி நேரமும் ஒரு யுகம். வேகமான விமானம் மேலே வந்து வட்டமிடும், பார்க்கும், போய்விடும். குவினுக்கு நேர்ந்த கதைதான்!

ஜப்பான் இதை உணர்ந்த நாடு. எந்தக் கேட்டலினாக்கள் ஒரு காலத்தில் அதன் கப்பல்களை வேவு பார்த்தனவோ, அந்த இனத்து விமானத்தை யுத்தத்துக்குப் பிறகு அதுவே செய்து வளர்த்தது. அதன் "யு.எஸ்.-2" விமானம் 2003-ம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. கடலிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். 10 அடி அலையிலும் இறங்கும்படி செய்யப்பட்டது. விமான நிலையம் இல்லாத தூரத் தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுவரவும் அது போகிறது.

2013-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜப்பானியர் இருவர் பாய்மரப் படகில் பசிபிக்கைக் கடக்கக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது. நடுக்கடலில் படகு உடைந்து, சிறு மிதவையில் ஏறிக்கொண்டார்கள். கரைக்கும் அவர்களுக்கும் இடையே சுமார் 750 மைல்! அவர்களைத் தூக்கி வந்தது யு.எஸ்.-2 விமானம்தான்.

இரண்டு பேருக்காக அத்தனை பெரிய விமானமா, இத்தனை செலவா என்று கணக்குப் பார்க்கலாம். ஊரில் தீயணைப்பு வண்டி நிற்கிறது. வருஷத்தில் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது. அதற்காக அதை விற்றுவிடலாம் என்று யாராவது சொல்வார்களா? தீப்பிடிக்கும் நாளில் அல்லவா அதன் விலை தெரியும்!

எந்த அலையிலும் விமானம் இறங்கிவிடும் என்பதல்ல. புயல் நேரத்தில் எதுவும் இறங்க முடியாது. மார்க்ஸ் இறங்கிய அன்றுகூட விமானம் உடைந்துதான் போயிற்று. ஆனால் இறங்குவதற்கு ஒன்று இருந்தது; அதனால்தான் அவரால் துணிய முடிந்தது. குவினுக்கும் துணிவு இருந்தது. இறங்கும் விமானம்தான் இல்லை.

கடற்கரை உள்ள நாடுகள் கடலைப் பார்க்கப் புதுப்புதுக் கண்கள் வாங்குகின்றன. ரேடார் வாங்குகின்றன, ஆள் இல்லாமல் பறக்கும் விமானம் வாங்குகின்றன. வாங்கட்டும், தேவைதான். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கைக்கும் ஒதுக்க வேண்டும். பெரிய நாடு தானே வைத்துக்கொள்ளலாம். சிறிய நாடுகள் நாலைந்து சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கடலில் தவிப்பவன் எந்த நாட்டுக்காரன் என்று அலை கேட்பதில்லை.

கிணற்றில் விழுந்தவனை எட்டிப் பார்க்கப் பத்துப் பேர் வருவார்கள். கயிறு கொண்டுவருகிறவன் ஒருவன்தான். ஊர் நினைவில் வைத்திருப்பதும் அந்த ஒருவனைத்தான்.