நாற்காலி காலியாகும் நாள்

தியாகராய நகரில் ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய என் தாய்மாமன் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். மாலை, பொன்னாடை, பாராட்டுரை, கேசரி, மிக்சர் எல்லாம் முறைப்படி நடந்தேறின. மறுநாள் காலை பத்தரை மணிக்கு, மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. “சார், அந்தப் பழைய ஃபைல் எந்த பீரோவில் இருக்கிறது?” இரண்டு மாதங்கள் அந்த மணி ஓயவில்லை. மாமாவுக்கு அதில் பெருமை. எனக்கோ கவலை.

மனிதன் இறக்கும் நாளை யாரும் அறியார். ஆனால் ஓர் ஊழியர் ஓய்வு பெறும் நாள், அவர் வேலையில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த நாளுக்கு நாம் ஆயத்தமாவதில்லை என்றால், அது அலட்சியம் அல்லாமல் வேறென்ன?

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆயிற்று; 2021-இல் 60 ஆயிற்று. அனுபவசாலிகள் மேலும் ஈராண்டு இருந்தது நன்றே. ஆயினும் அருகில் ஓர் இளைஞரை அமர்த்தி வேலை பழக்கினால்தானே அந்த ஈராண்டுக்குப் பயன்? நாளைத் தள்ளிப்போடுவது ஆயத்தம் ஆகாது.

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து சுமார் 78,000 பேர், ஏறத்தாழ ஊழியரில் பாதிப்பேர், விருப்ப ஓய்வில் வெளியேறினர். அனைவரும் ஐம்பதை எட்டியவர்கள். சம்பளச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் எந்தத் தெருவின் அடியில் எந்தக் கேபிள் ஓடுகிறது என்று கையாலேயே அறிந்திருந்த ஒரு தலைமுறையும் அவர்களோடு போயிற்று. மிச்சமான பணம் கணக்கில் ஏறும். போன அறிவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

மாறாக, 1948-இல் அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். அதை வளர்த்த இயக்குநர் டாக்டர் நாயுடம்மா 1971-இல் டில்லியில் பெரிய பொறுப்பேற்றுச் சென்றார். நிலையம் தளர்ந்து போகவில்லை. ஆராய்ச்சியோடு தோல் தொழில்நுட்பக் கல்வியும் அங்கே கைகோத்து நடந்தது. அடுத்தவரை உருவாக்குவதும் அங்கே வேலையின் ஒரு பகுதியாக இருந்தது.

“இக்காலத்து இளைஞர்கள் ஓரிடத்தில் நிற்பதில்லையே” என்பார்கள் பெரியவர்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் குரூப் 4 தேர்வில் வென்று இளநிலை உதவியாளரானார். இப்போது மேசைக்கடியில் குரூப் 2 புத்தகம்! அவரைக் குறைகூற மாட்டேன். கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், மேலே செல்லும் வழி தெரியாத இடத்தில் யார் நிற்பார்? அடுத்த மாதம் வேலை உண்டா என்றே அறியாத ஒப்பந்த ஊழியரிடம் முப்பதாண்டு அனுபவத்தை ஒப்படைக்கத்தான் முடியுமா?

நான் கேட்பது பெரிதன்று. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவரை நியமியுங்கள். இருவரும் அருகருகே அமரட்டும். போகிறவர் தம் வேலையை ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்கட்டும். ஆறு மாதச் சம்பளம் கூடுதலாகும் என்பீர்கள். ஆறு மாதம் கோப்புக்காக அலையும் பொதுமக்களின் பேருந்துக் கட்டணத்தை யார் கணக்கிட்டார்கள்?

தோழர்களே, நம்மில் பலர் நாளை அந்த நாற்காலிகளில் அமரப்போகிறவர்கள். அமரும் முதல் நாளிலேயே, எழுந்திருக்கும் நாளையும் எண்ணிக்கொள்வோம்.