அச்சத்தில் விழும் வாக்கு

தேர்தல் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி புறப்பட்டுவிடுகிறது. "யாருக்கு வாக்களிப்பது?" என்பதன்று அது; "யார் வந்துவிடக் கூடாது?" என்பதே. கேள்வி தவறென்று சொல்வதற்கில்லை. 1997 நவம்பர்க் கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பையும், அவற்றைத் தொடர்ந்த சந்தேகத்தின் ஆண்டுகளையும் கண்ட கோவை முஸ்லிமிடம் போய் "அஞ்சாதே" என்று உபதேசிக்க எவருக்கு வாய் வரும்? ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நம் அரசியல் அறிவு முடிந்துவிட வேண்டுமா என்பதே நாம் கேட்பது.

கிணத்துக்கடவுத் தொகுதியைப் பாருங்கள். ஊர் தக்காளிச் சந்தைக்குப் பேர்போனது. தொகுதியோ, 2008-ஆம் ஆண்டின் மறுவரையறைக்குப் பின், குனியமுத்தூர், குறிச்சி, மதுக்கரை, வெள்ளலூர் எனக் கோவையின் தென்புறத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே வெற்றியையும் தோல்வியையும் பிரித்தவை 1,332 வாக்குகள். 2021-இல் அது 1,095 ஆகக் குறைந்தது. இரு முறையும் அ.தி.மு.க. வென்றது, இரு முறையும் தி.மு.க.வின் குறிச்சி பிரபாகரன் தோற்றார். ஒரு இலட்சம் வாக்கு பெற்றவரும் ஆயிரத்துச் சொச்சத்தில் தோற்கிற தொகுதி இது! நான்கைந்து தெருக்கள் நினைத்தால் முடிவு மாறிவிடும்.

இத்துணை எடையுள்ள வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்டுப் பெற்றது என்ன? வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் புகையும் நாற்றமும் சுற்றுவட்டாரத்தை ஆண்டுக்கணக்காக வாட்டுகின்றன. அந்த நாற்றம் மதம் பார்த்து வீசுவதில்லை. அதை என்ன செய்வதாக உத்தேசம் என்று வேட்பாளரை நிறுத்தி வைத்துக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நம் வாக்கு எப்படியும் விழுந்துவிடும் என்று ஒரு சாராருக்குத் தெரியும். எப்படியும் விழாது என்று மற்றவருக்குத் தெரியும். ஆகவே இருவருமே நம்மிடம் பேச வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. கடைசி இரவில் "சமுதாயத்தின் முடிவு இது" என்று எங்கிருந்தோ ஓர் அறிவிப்பு வரும். அதை வழங்கியவர் யாரைக் கலந்தார், என்ன பேசினார் என்பது அந்த அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

அச்சம் மட்டுமே வழிகாட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கோவையே சாட்சி. 1998-இல் பாரதிய ஜனதாவின் சி.பி. இராதாகிருஷ்ணன் இங்கே மக்களவைக்கு வென்றபோது அவருக்குத் தோள் கொடுத்தது அ.தி.மு.க.; 1999-இல் அவரே மீண்டும் வென்றபோது தோள் கொடுத்தது தி.மு.க. எந்தக் கழகத்தை நம்பி அடுத்த கழகத்துக்கு அஞ்சினோமோ, அது மறு ஆண்டே அணி மாறியது. கூட்டணிகள் சென்னையிலும் தில்லியிலும் முடிவாகின்றன. நம் அச்சத்தைக் கேட்டு எவரும் கையெழுத்திடுவதில்லை.

"அப்படியானால் இரண்டும் வேண்டாம், மாற்று ஒன்றைத் தேடுவோம்" என்கிறார்கள் நம் இளைஞர்கள். தேட வேண்டியதுதான். மதவெறிக்கும் இடங்கொடாமல், தலைவர் வழிபாட்டுக்கும் தலைவணங்காமல் நடுவழி நிற்கும் அரசியலை, நடுநிலைச் சமுதாயம் என்று திருமறை அடையாளம் காட்டிய மக்கள் தேடாமல் வேறு யார் தேடுவது? ஆனால் தேடுகிற நேரமும் இடமும் என்ன? 2021-இல் பக்கத்துக் கோவை தெற்கில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51 ஆயிரத்துக்கு மேல் வாக்குப் பெற்றார். காங்கிரஸ் வேட்பாளர் 42 ஆயிரத்துக்கு மேல் பெற்றார். 1,728 வாக்கு வேறுபாட்டில் பாரதிய ஜனதாவின் வானதி சீனிவாசன் வென்றார். மாற்றை விரும்பியவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கையில் கொடி பிடித்து, முடிவு வந்த மறுநாள் அதைச் சுருட்டி வைப்பதற்கு மாற்று என்று பெயரில்லை என்பதே நம் வழக்கு.

மாற்றைச் சோதிக்கும் களம் உள்ளாட்சி. ஒரு வார்டில் தோற்றால் நாடு கவிழ்ந்துவிடாது. வென்றால் சாக்கடையும் குடிநீரும் அவர் யோக்கியதையைக் காட்டிவிடும். 2022 பிப்ரவரியில் பேரூராட்சிகளுக்கும் மாநகராட்சிக்கும் தேர்தல் நடந்தபோது, நமக்கும் அண்டை வீட்டு இந்து, கிறித்தவ மக்களுக்கும் பொதுவாக உகந்த ஒருவரை நிறுத்துவோம் என்று எத்தனை ஜமாஅத்துகள் கூடிப் பேசின?

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் 1967-இல் அண்ணாவோடும் இராஜாஜியோடும் ஓரணியில் நின்றார். கொள்கையால் வெகுதூரம் விலகியவர்கள் அவர்கள். அச்சம் துரத்தி அவர் அங்கே ஒதுங்கவில்லை. சமமாக உட்கார்ந்து பேசி, தம் கட்சியின் பெயரையும் கொடியையும் இழக்காமல் சேர்ந்தார். அந்தத் தலைவரின் பெயரை மேடைதோறும் முழங்குகிறவர்கள் அந்தப் பேச்சுவார்த்தைத் திறனை மட்டும் ஏன் மறந்தார்களோ!

வாக்கு ஓர் அமானிதம், ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாட்சி சொல்கிறவன் விஷயத்தை அறிந்திருக்க வேண்டாமா? வேட்பாளரின் சொத்து, கடன், வழக்குகள் யாவும் அவரே உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தரவேண்டும் என்பது 2002, 2003 ஆண்டுகளின் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை. தேர்தல் ஆணையம் அதை எவரும் படிக்கும்படி வெளியிடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் பலர் இன்று பட்டதாரிகள். கணவரும் தந்தையும் சொன்ன சின்னத்தில் விரல் வைக்கச் சொல்லி அவர்களை அனுப்புவதற்கு முன்னால், அந்தப் பத்திரத்தை அவர்கள் கையில் கொடுத்து, "நீயே வாசித்துச் சொல், கேட்கிறோம்" என்று எந்த வீட்டிலாவது சொல்லியிருக்கிறோமா?