அது பார்க்கர்தானா?

மட்டக்களப்பு வாவிக்கு எழுவான்கரையோ படுவான்கரையோ, அம்மப்பாவின் பழைய பேனை எண்டால் உடனே 'பார்க்கர் 51' என்பார்கள். நாங்கள் சொல்வது: முதலில் கழற்றிப் பாருங்க. 51 சந்தைக்கு வந்தது 1941இல். பின்நுனிச் சிறுமூடியைத் திருகிக் கழற்ற உள்ளே அமுக்கி தெரிந்தால் பெரும்பாலும் 1948க்கு முந்தியது. அழுத்தி மை இழுக்கிற உலோகக் குழாய் இருந்தால் பிந்தியது. ஆனால் அப்படிக் குழாய் சீனத்து ஹீரோ 616இலும் கிடக்கு. நிப்பை மறைத்த முகமும் அதே சாயல். பொறித்த பெயரை வாசிக்க வேணும். பார்க்கரின் உடலில் தேய்ந்து கிடக்கிற இலக்கமும் புள்ளிகளும் ஆண்டுக்குறி. மினுக்குகிறோம் எண்டு அழித்துப்போடாதீங்க.

ஹீரோ எண்டு தெரிந்ததும் முகம் சுருங்குவதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் கடிதம், படம் எல்லாம் போன வீட்டில் அவர் கைபட்டு மிஞ்சினது அந்தப் பேனைதான். விலையைப் பிறகு பார்க்கலாம். யார், எப்ப வாங்கித் தந்தது எண்டு அம்மம்மாவிடம் இப்பவே கேளுங்க.