மரக்கப்பல் தந்த கணக்கு

கடலாராய்ச்சிக்கு அரசு ஏன் பணம் கொட்டவேண்டும், இலாபம் எங்கே என்று கேட்கும் கனதனவான்களுக்குப் 'பெர்சேய்' என்னும் சிறு மரக்கப்பலை நினைவூட்டுவோம்.

1921. வோல்காக் கரையில் கொடும் பஞ்சம். அவ்வாண்டு மார்ச்சில்தான் மிதக்கும் கடலாராய்ச்சிக் கழகம் அமைக்க லெனின் ஆணையிட்டார்! சீல் வேட்டைக்கெனத் தொடங்கிப் பாதியில் நின்ற ஒரு கூடு, ஆர்க்காங்கெல்ஸ்கில் கப்பலாயிற்று. 1923 முதல் பாரெண்ட்ஸ் கடலில் வெப்பம் அளந்தது, உப்பு அளந்தது, மீன்வளம் ஆராய்ந்தது. 1941-ல் நாஜி விமானங்கள் அதை மூழ்கடித்தன. அளவுகள் மூழ்கவில்லை. அக்கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று இன்று ஒப்பிட இத்தகைய பழைய கணக்குகளே துணை.

அக்கணக்கு தொடர வேண்டாமா? 2022-ல் உக்ரைன் போரையொட்டி, ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகள் ரஷ்யாவுடன் கூட்டு வேலையை நிறுத்திவைத்தன. போரை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால், காட் மீன் எல்லைக்கோடு பார்த்தா நீந்துகிறது?